உறைப்பும் உவப்பும்: காஞ்சியின் தத்துவ மரபில் காரத்தின் இடம்

துன்பத்திலிருந்து இன்பம் பிறக்குமா என்னும் கேள்வி காஞ்சிபுரத்துக்குப் புதியதன்று. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நகை நாடகத்தில், காபாலிகன் ஒருவன், அதாவது மண்டையோட்டையே உண்கலமாகக் கொண்டு மதுவையும் ஊனையும் வழிபாட்டுக்கு உரியனவாகக் கருதும் சைவப் பிரிவினன், தன் துணைவியோடு கச்சித் தெருக்களில் தள்ளாடியபடியே சமணரை எள்ளி நகையாடுகிறான். விளைவு தன் காரணத்தின் இயல்பையே கொண்டிருக்கும் என்று ஒப்புக்கொள்ளும் சமணர், மயிரைப் பறித்தும் பட்டினி கிடந்தும் உடலை வருத்துகிற துன்பத்துக்கு விளைவாக இன்பம் வரும் என்றும் சொல்வதால், தம் வாயாலேயே தாம் தோற்றுப்போகிறார்கள் என்பது அவன் வாதம். குடித்தவன் பேச்சு என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் எழுதிய அரசன் தருக்க நூல்களை நன்கு கற்றவன் என்பதும், சிரிப்புக்குள் அவன் பொதித்து வைத்தது காரண காரிய வாதத்தின் உண்மையான முடிச்சுகளில் ஒன்று என்பதும் நாடகத்தைக் கவனித்துப் படிப்பவருக்கு விளங்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்க நாக்கைவிட நெருக்கமான களம் கிடைப்பது அரிது. மிளகாயைக் கடித்தவனுக்கு வாய் எரிகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, நெற்றி வேர்க்கிறது. எனினும் அடுத்த கவளத்துக்குக் கை தானாகவே நீள்கிறது. காபாலிகனின் வாதப்படி இது நடக்கக் கூடாத காரியம். அவன் காலத்தில் மிளகாய் இந்நாட்டிலேயே இல்லை என்பது உண்மைதான்: கொலம்பஸின் கப்பல்கள் 1493இல் அதனை அமெரிக்கத் தீவுகளிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின, 1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துகீசியரின் வாணிகத்தின் வழியே, அடுத்துவந்த நூற்றாண்டில் அது இந்தியக் கரைகளில் பரவியது. அதுவரை தமிழ்நாடு அறிந்திருந்த காரம் மிளகும் சுக்கும் திப்பிலியும் கடுகுமே. இவற்றுள் முதல் மூன்றும் சேர்ந்த மருந்துக் கூட்டுக்குத் திரிகடுகம் என்று பெயர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று, பாடலுக்கு மூன்று அறங்களைச் சொல்லி உள்ளத்தின் நோயைத் தீர்க்க முற்படுவதால், அந்தப் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது. காரத்தை வெறும் நாவின்பமாகவோ வெறும் துன்பமாகவோ அல்லாமல், வேறொன்றின் பொருட்டு ஏற்கப்படும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு பழையது.

காரம் எத்தகைய அனுபவம் என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஆறு சுவைகளுள் ஒன்றாகக் கார்ப்பை எண்ணுவதில் மருத்துவ நூல்களும் தருக்க நூல்களும் ஒத்துப்போகின்றன. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய ‘தருக்க சங்கிரகம்’ நியாய வைசேடிக தரிசனத்துக்கு, அதாவது அறியும் முறைகளையும் பொருள்களின் வகைகளையும் ஆராயும் இரட்டைப் பள்ளிக்கு, நுழைவாயிலாக இன்றும் கற்கப்படுகிறது. அதனைத் தமிழாக்கியவர், காஞ்சிப் புராணத்தின் முதற் காண்டத்தைப் பாடிய சிவஞான முனிவர். அந்நூல் சுவையை நாவென்னும் பொறியால் அறியப்படும் குணம் என்றும், ஊறு எனப்படும் தொடுவுணர்வைத் தோலால் மட்டும் அறியப்படும் குணம் என்றும் வரையறுத்து, சூடான ஊறு தீக்கு உரியது, அறுவகைச் சுவையும் மண்ணுக்கு உரியன, நீருக்கு இனிப்பு ஒன்றே என்று பகுக்கிறது. இந்த வரையறையை மிளகாயின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடம் தோன்றும். பச்சை மிளகாய் நறுக்கிய விரல் எரிகிறது. அந்த விரல் பட்ட கண்ணும் எரிகிறது. சர்க்கரைப் பாகில் தோய்ந்த விரலைக் கண்ணில் வைத்தால் கண்ணுக்கு இனிப்பதில்லை. நாவால் மட்டுமே அறியப்பட வேண்டிய குணம் விரலுக்கும் கண்ணுக்கும் புலனாகுமானால் அது சுவையாக இருக்க இயலாது. நூலின் இலக்கணப்படியே அது ஊறு ஆகிவிடுகிறது.

தற்கால உடலியல் இதே முடிவைத் தன் வழியில் வந்தடைந்தது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்னும் பொருளுக்குத் தனியே மணமும் இல்லை, நிறமும் இல்லை. நரம்பு முனைகளில் சூட்டை உணர்வதற்கென்று அமைந்த புரதவாயில் ஒன்றை அது திறந்துவிடுகிறது என்பதை டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 1997இல் கண்டறிந்தது. அதற்காக அவருக்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவ்வாயில் வழக்கமாக ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் திறப்பது; கேப்சைசின் வந்து ஒட்டிக்கொண்டால் உடலின் இயல்பான சூட்டிலேயே திறந்துகொள்ள, மூளை அதனைத் தீயின் தீண்டல் என்று படித்துக்கொள்கிறது. வாயில் தீயும் இல்லை, புண்ணும் இல்லை. மிளகிலுள்ள பைப்பரினும் அதே வாயிலைத்தான் தட்டுகிறது, சற்று மெல்ல.

பழைய நூலோர் இதைக் கோட்டைவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். சித்த மருத்துவம் ஒவ்வொரு சுவையையும் இரண்டு பூதங்களின் சேர்க்கையாகக் காண்கிறது. கார்ப்பு காற்றும் தீயும் கூடியது. காற்றின் சிறப்புக் குணம் ஊறு, தீயின் இயல்பு வெம்மை. ஆக, பட்டியலில் கார்ப்பைச் சுவையாக வைத்தவர்கள் அதன் ஆக்கத்தைச் சொல்லும்போது தொடுதலையும் சுடுதலையும் வைத்தே சொன்னார்கள். காஞ்சி உலகளந்த பெருமாள் கோயிலில் அருச்சகராக இருந்தவர் என்று மரபு கூறும் பரிமேலழகர், ஐம்புலன்களைக் கூறும் திருக்குறளின் 27ஆம் பாட்டுக்கு உரை எழுதுகையில் சாங்கியரின் தத்துவக் கணக்கை, அதாவது மூலப்பகுதியிலிருந்து அறிவும் அகங்காரமும் புலன்நுட்பங்களும் பூதங்களும் படிப்படியாகத் தோன்றும் வரிசையை, எடுத்துக்காட்டுகிறார். அந்த வரிசையைக் கொண்டவர்களுள் பலர் கொள்கைப்படி, பின்தோன்றும் பூதம் முன்தோன்றியவற்றின் குணங்களையும் சுமந்தே வருகிறது: சுவைக்கு இடமான நீரில் ஓசையும் ஊறும் ஒளியும் ஏற்கெனவே உள்ளன. தொடுதலின்றிச் சுவைத்தல் இல்லை. காரம் சுவையா ஊறா என்று கேட்பவனுக்கு, இரண்டையும் கத்தியால் நறுக்கியதுபோல் பிரிக்க முடியும் என்று யார் சொன்னது என்னும் எதிர்க்கேள்வியை இக்கொள்கை வைக்கிறது.

ஆயினும் காபாலிகனுக்கு விடை சொல்ல அந்தப் பிரிவினை கொஞ்சம் வேண்டியிருக்கிறது. கச்சியோடு பிணைந்த இன்னொரு நூல் இங்கே கைகொடுக்கும். மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி, பஞ்சம் வாட்டிய காஞ்சிக்கு அமுதசுரபியோடு வந்து பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட பின்னர்தான், அந்நகரிலேயே அறவண அடிகளிடம் அளவை நூலையும் பௌத்தத்தின் பன்னிரு சார்புகளையும் கேட்கிறாள். வயிறு நிறைந்த பிறகே தத்துவம் என்னும் இந்த வரிசை தற்செயலானதாகத் தோன்றவில்லை. சார்புகள் என்பன, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றிப் பிறவியைத் தொடரச்செய்யும் பன்னிரண்டு நிலைகள். அவற்றின் நடுவே ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன: பொறி பொருளைத் தீண்டுவது ஊறு, அதனால் எழும் இன்பமோ துன்பமோ இரண்டுமற்றதோ ஆகிய உணர்வு நுகர்வு, அது வேண்டும் என்று மனம் சாய்வது வேட்கை, விடாமல் பிடித்துக்கொள்வது பற்று. இன்ப நுகர்வு வேட்கையை வளர்க்கும் என்பது எளிதில் விளங்கும். மிளகாய் விஷயத்தில் நுகர்வு துன்பமாக இருக்க, வேட்கை அதன்பின்னேயே ஓடுகிறது என்பதுதான் புதிர்.

விலங்குகளிடம் இந்தப் புதிர் இல்லை. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் மெக்சிகோ நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஆராய்ந்தபோது, மிளகாய் கலந்த மிச்சத்தையே தின்று வளர்ந்த நாய்களும் பன்றிகளும்கூட, காரமற்றது பக்கத்தில் கிடந்தால் அதையே முதலில் எடுத்தன. மக்களின் குழந்தைகளோ, யாரும் வற்புறுத்தாமல், பெரியவர்கள் உண்பதைப் பார்த்துப் பார்த்தே சில ஆண்டுகளில் காரத்தை விரும்பக் கற்றுக்கொண்டார்கள். (மகேந்திரவர்மனின் நாடகத்தில் காபாலிகனின் மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஒரு நாய்தான், அதிலிருந்த இறைச்சி மிளகாய் இட்டதாக இருந்திருந்தால் நாடகத்தின் முடிவு வேறாகியிருக்கலாம்.) உடல் ஆபத்து என்று கூவ, மனம் ஆபத்தில்லை என்று அறிந்திருப்பதால் விளையும் மகிழ்ச்சியே இது என்பது ரோசினின் விளக்கம். செடியின் நோக்கமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. பறவைகளுக்குக் கேப்சைசின் எரிவதில்லை. விதையை மெல்லாமல் விழுங்கித் தொலைவில் கொண்டுபோய் விதைப்பவை அவை. விதையை அரைத்துக் கெடுக்கும் பாலூட்டிகளை விரட்டவே காரம் அமைந்தது. விரட்டப்பட வேண்டியவற்றுள் ஒன்று மட்டும், விரட்டும் ஓசையையே இசையாகக் கேட்கப் பழகிவிட்டது.

துன்பத்தை விலகி நின்று அனுபவிக்கும் இந்நிலை இந்திய மெய்ப்பாட்டு நூல்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையையும் அச்சத்தையும் சேர்த்து எண்ணுகிறது. கூத்தில் திரௌபதியின் துகில் உரியப்படும்போது அழுகிறவர்கள் அடுத்த ஆண்டும் அதே இரவுக்குப் பாய் விரிக்கிறார்கள். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசுமீரத்தில் எழுதத் தொடங்கிய அபிநவகுப்தர், அரங்கில் நுகரப்படும் சோகம் தன்னுடையதும் அன்று, பிறனுடையதும் அன்று, உரிமை கழன்ற சோகமே சுவையாக மாறுகிறது என்று விளக்கினார். காரத்துக்கும் இவ்விளக்கம் பெருமளவு பொருந்தும். எரிச்சல் இன்பமாக மாறுவதில்லை. எரிச்சலை நோக்கி நிற்கும் அறிவு ஒன்று உடன் இருப்பதால், அந்த அறிவின் பக்கத்தில் இன்பம் விளைகிறது. அப்படியானால் காபாலிகன் ஏளனம் செய்த முரண் காரத்தில் இல்லை. காரணமும் காரியமும் இரு வேறு வரிசையில் நிற்கின்றன. சமணரும் அவன் சொன்னதைச் சொன்னவரல்லர். உடலை வருத்துவது பழவினையை உதிர்ப்பதற்கே. உயிருக்கு இயல்பாக உள்ள இன்பம் மறைப்பு நீங்கியதும் தானே வெளிப்படுகிறது என்பதே திருப்பருத்திக்குன்றத்துச் சமணப் பள்ளி இன்றுவரை காத்துவரும் கொள்கை. நாடகக் காபாலிகன் சிரிக்க வைத்தான், வெல்லவில்லை.

இனி, காரத்தைச் சமயம் ஒதுக்குகிறதா என்பது. இக்கேள்வி வரும்போதெல்லாம் பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே உணவு மூவகைப்படுகிறது. கார்ப்பும் புளிப்பும் உப்பும் மிகுந்தவை, கடுஞ்சூடானவை, எரிச்சல் தருபவை ஆகியன இராசதர், அதாவது கிளர்ச்சிக் குணம் மேலோங்கியவர், விரும்பும் உணவு என்றும், துன்பமும் துயரமும் நோயும் தருவன என்றும் சொல்லப்படுகின்றன. இரண்டு செய்திகளை மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடுவதுண்டு. அந்த அத்தியாயத்தின் பொருள் சிரத்தை. இன்ன குணத்தவன் இன்னதை விரும்புவான் என்று விருப்பத்தை வைத்து மனிதனை அடையாளம் காட்டுகிறதே ஒழிய, விலக்கப்பட்ட பண்டங்களின் பட்டியலை அது தரவில்லை. மேலும், சங்கரர் தம் உரையில், மூலத்தில் சூட்டுக்கு முன் நிற்கும் ‘மிகை’ என்னும் பொருள்தரும் அடைமொழியை எல்லாச் சுவைகளுக்கும் கூட்டிப் படிக்க வேண்டும் என்கிறார். குற்றம் கார்ப்பில் இல்லை, மிகையில் இருக்கிறது.

சாந்தோக்கிய உபநிடதம் ஆகாரத் தூய்மையால் உள்ளத் தூய்மை உண்டாகும் என்று கூறும் இடத்திலும் இதேபோன்ற பிரிவு எழுகிறது. ஆகாரம் என்பதற்கு உள்ளே எடுத்துக்கொள்ளப்படுவது என்று பொருள் கொண்ட சங்கரர், எல்லாப் பொறிகளின் வழியேயும் உட்புகும் புலனறிவையே அது குறிப்பதாகக் கொண்டு, விருப்பு வெறுப்பு கலவாத அறிவே தூய ஆகாரம் என்றார். காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பயின்று, வரதராசப் பெருமாளுக்குத் தீர்த்தக் கைங்கரியம் செய்த இராமாநுசரோ, அதனைச் சோறாகவே கொண்டார். ஸ்ரீபாஷ்யத்தில் பக்திக்கு அவர் கூறும் ஏழு சாதனங்களுள் முதலாவதான விவேகம் என்பது, பண்டத்தின் பிறப்பாலும், அதை உடையவராலும், மயிர் விழுதல் போன்ற நேர்வாலும் வரும் மூன்று குற்றங்களற்ற உணவைக் கொள்வது. கடைசி இரண்டும் மனம் தளராமையும் மகிழ்ச்சியில் துள்ளாமையும். தூப்புலில் 1268இல் தோன்றிய வேதாந்த தேசிகர் ‘ஆகார நியமம்’ என்று ஒரு தமிழ்ப் பிரபந்தத்தையே உணவு நெறிக்காக அருளியிருக்கிறார். இந்தப் பெரியோர் எவரும் மிளகாயைப் பார்த்ததில்லை. ஆதலால் எவரும் விலக்கியதுமில்லை. வெங்காயமும் பூண்டும் பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டதுபோல் மிளகாய் ஒதுக்கப்படவில்லை, ஏற்கப்படவுமில்லை. நூல் வாய்திறக்காத பொருளை வழக்கம்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது, வழக்கமோ ஒரே முகமாகத் தீர்மானிக்கவில்லை.

வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில், அதாவது திருவமுது சமைக்கும் கூடத்தில், ஆகிவரும் குடலை இட்லி இவ்வழக்கத்தின் ஒரு முகம். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைபட்டுப் புளித்த மாவில் நெய்யும், உடைத்த மிளகும், சீரகமும், சுக்குப்பொடியும் சேர்கின்றன. மந்தாரை இலையால் உட்புறம் மூடப்பட்ட நீண்ட மூங்கில் குடலைக்குள் ஊற்றப்பட்டு, அந்த மாவு சில மணிநேரம் ஆவியில் வேகிறது. வெந்தபின் இலையை உரித்து வில்லைகளாக அறுத்தால், வெளிவட்டத்தில் இலையின் மணமும் வரிகளும் படிந்திருக்க, உள்ளே மிளகுத் துணுக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். மிளகு பொடியாகாமல் உடைபட்டிருப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காரம் வில்லை முழுதும் சமமாகப் பரவுவதில்லை. மெல்லும்போது ஒரு துணுக்கு பல்லில் பட்டால் சுரீரென்று எழுந்து, நெய்யில் கரைந்து, அடுத்த துணுக்கு வரும்வரை அடங்கியிருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் புளிப்பும் சுக்கின் மணமும் இலையின் வாசமும் நாவுக்குக் கிடைக்கின்றன. கேப்சைசினின் எரிச்சல் இப்படி எழுந்து அடங்காது. வாய் முழுதும் பரவி நெடுநேரம் தங்கிவிடும். மிளகாய்க்கு மடைப்பள்ளியில் இடமில்லாமற் போனதற்குப் பழமையைக் காக்கும் எண்ணமே முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் திருவமுதுக்கு அளந்து கொடுத்த பொருள்களில் நெய், தயிர், பருப்பு ஆகியவற்றோடு மிளகும் உண்டு, மிளகாய் எப்படி இருக்கும்? ஆனால் பழமை காத்தது வெறும் பழமையை மட்டுமன்று.

இன்னொரு நியதியும் நோக்கத்தக்கது. நிவேதனத்துக்கு முன் எவரும் தளிகையை, அதாவது சமைத்த அமுதை, ருசி பார்க்கக் கூடாது. சாதாரணச் சமையற்காரர் துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துக் காரத்தைக் கூட்டுவார், குறைப்பார். மடைப்பள்ளியில் அந்த வசதி இல்லை. கண்ணும் மூக்கும் கையளவுமே துணை. சமைப்பவனின் நாக்கு முடிவெடுக்காத இடத்தில் காரத்தின் அளவு அவனுடைய விருப்பத்துக்கு அப்பாற்பட்டதாகிறது. விசிட்டாத்துவைதம் இதற்கொரு பெயர் வைத்திருக்கிறது. பிறிதொன்றுக்குச் சிறப்புச் சேர்ப்பதற்காகவே கொள்ளப்படுவதை இயல்பாக உடையது சேஷம். அச்சிறப்பைப் பெறுவது சேஷி. உயிர்கள் இறைவனுக்குச் சேஷம் என்று நிலைநாட்ட இராமாநுசர் வகுத்த இலக்கணம் இது. அதனைச் சட்டிக்குள் இறக்குவது மரியாதைக் குறைவு என்று தோன்றலாம். ஆனால் சோற்றைப் பக்தியின் முதற்படியாக வைத்த ஆசாரியரின் கொள்கை சட்டியைக் கண்டு கூசாது. மிளகு குடலை இட்லிக்குச் சேஷம். மிளகுக்காக இட்லி இருக்குமானால் முறை தலைகீழாகிவிடும்.

தலைகீழான நிலைக்கு இன்று எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. காரத்தை அளக்க வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த முறை, மிளகாய்ச் சாற்றை எத்தனை மடங்கு சர்க்கரை நீரில் கரைத்தால் எரிச்சல் தெரியாமற்போகும் என்று பார்ப்பது. அந்த அளவுகோலில் பத்து லட்சத்தைத் தாண்டியதாக அசாம் பக்கத்துப் பூத் ஜொலோக்கியா 2007இல் உலகச் சாதனையானது. 2023இல் பெப்பர் எக்ஸ் என்னும் அமெரிக்க வகை சராசரி 26.93 லட்சத்தை எட்டியது. இவற்றைக் கொண்டு செய்த குழம்புப்புட்டிகளை வாயில் ஊற்றிக்கொண்டு கதறுவது போட்டியாக நடத்தப்படுகிறது. சார்புகளின் மொழியில் சொன்னால், இங்கே ஊறு மட்டுமே எஞ்சி நிற்கிறது, சுவை என்பதே இல்லை. நாக்கு எதையும் அறியாத நிலையில் ‘தாங்கினேன்’ என்னும் அகங்காரம் மட்டும் உணவு பெறுகிறது. மாறாக, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயைத் தாளிப்பில் உருட்டிப் போடுபவர் அதன் தடித்த தோலின் மணத்துக்காகவே போடுகிறார். கருநாடகத்து பியாடகி மிளகாயை நிறத்துக்காகவே தேடுகிறார்கள். கேப்சைசின் மிகுந்திருப்பது விதையில் அன்று, விதை ஒட்டியிருக்கும் வெளிர் நரம்பில். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் பழத்தின் இனிமையும் லேசான கசப்பும் நாவுக்குப் புலப்படும் என்பது வீட்டுச் சமையலறைகளுக்குப் பழைய செய்தி.

வழக்கத்தின் மறுமுகம் வீடு. கோயிலில் மிளகோடு நிற்கும் பெருமாள், அதே சன்னிதித் தெருவின் வீடுகளில் வற்றல் குழம்பையும் மிளகாய் கிள்ளிப்போட்ட கறியமுதையும் நாள்தோறும் கண்டருளுகிறார்; சமைத்த எதையும் அவருக்குக் காட்டாமல் உண்பதில்லை என்பதுதான் வைணவ இல்லத்து நெறி. திவச நாளில் அதே அடுப்பில் மிளகாய் ஏறாது, மிளகே ஆளும். அம்மன் கோயில்களுக்கு வந்தால் நிலை இன்னும் வேறு. ஆடி மாதத்தில் காஞ்சி வட்டாரத்து ஊர்களில் மாரியம்மனுக்கு வார்க்கும் கூழோடு பச்சை மிளகாயும் வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் சேர்ந்தே படையலாகின்றன. கும்பகோணத்தை அடுத்த ஐயாவாடியில் பிரத்தியங்கிரா தேவிக்கு அமாவாசைதோறும் நடக்கும் வேள்வியில் வற்றல் மிளகாய் கூடைகூடையாகத் தீயில் சொரியப்படுகிறது. நெடி எழுவதில்லை என்பது அடியார்களின் நம்பிக்கை. வெப்பு நோயின் தேவியான மாரியம்மனுக்கு வெப்பமே காணிக்கையாவதும், நோயும் மருந்தும் ஒரே கையில் இருப்பதும் இவ்வழிபாட்டின் தருக்கம். இத்தனையையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவர், இந்து சமயம் காரத்தை மறுக்கிறது என்றோ ஏற்கிறது என்றோ ஒற்றை வரியில் எழுதிவிட முடியாது. யாருக்கு, எந்த நாளில், எதன்பொருட்டு என்னும் மூன்றும் சேர்ந்தே விடையாகின்றன.

இந்த நகரத்தின் தறியிலும் இதற்கொரு நிகர் உண்டு. கோர்வைப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஓரத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன; மிளகாய்ப்பழச் சிவப்பு உடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் மற்ற நிறத்துக்குள் கசிந்து கலப்பதில்லை, விலகியும் நிற்பதில்லை. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ப்பொடி இவ்வாறு அமைந்ததே. வறுத்த உளுந்தும் கடலைப்பருப்பும் எள்ளும் பெருங்காயமும் தமக்குரிய மணத்தை விடாமல் இருக்க, மிளகாயின் எரிச்சல் அவற்றுக்கிடையே ஓடுகிறது. நல்லெண்ணெய் விட்டுக் குழைத்ததும், கொழுப்பில் கரையும் இயல்புடைய கேப்சைசின் எண்ணெயில் இறங்கித் தணிகிறது. நீர் குடித்தால் காரம் அடங்காது, மோர் குடித்தால் அடங்கும் என்பதும் இதனால்தான். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் எரிச்சலூட்டும் பொருளைப் பற்றி அகற்றிவிடுகிறது. கோயில் இட்லி என்று பெயரிட்டுக் காஞ்சியின் உணவகங்கள் விற்கும் மிளகு இட்லிக்கும் இந்தப் பொடியைத் தட்டில் வைக்கிறார்கள். மரபை நுணுக்கமாகப் போற்றுவோர் இதைக் கண்டு முகம் சுளிக்கலாம், நாக்கு சுளிப்பதில்லை.

எஞ்சியிருக்கும் சிக்கல் அளவு பற்றியது. காரத்தைத் தொடர்ந்து உண்பவரின் நரம்பு முனைகள் கேப்சைசினுக்கு மரத்துப்போகின்றன. நேற்று எரித்த அளவு இன்று உறைப்பதில்லை. ஆகவே அளவு ஏறுகிறது, ஏற ஏற மற்றச் சுவைகள் பின்தள்ளப்படுகின்றன. வேட்கை பற்றாக முறுகுவதை அறவண அடிகள் கச்சியில் விளக்கியது பிறவிச் சுழலைப் பற்றி. சாம்பாருக்கும் அது பொருந்துகிறது என்பதை அவர் மறுத்திருக்க மாட்டார். நல்ல வேளையாக இந்த மரத்துப்போதல் நிலையானதன்று, சில காலம் விட்டிருந்தால் நாக்கு தன் கூர்மையைத் திரும்பப் பெறுகிறது. சமணர் புறத்தவங்களுள் ஒன்றாக வைத்த இரச பரித்தியாகம், அதாவது நெய், தயிர், உப்பு முதலிய சுவையூட்டிகளுள் ஒன்றையோ பலவற்றையோ குறித்த காலத்துக்குத் துறத்தல், வைணவரின் ஏகாதசி உபவாசம், திவச நாளின் மிளகுச் சமையல் ஆகிய யாவும் வெவ்வேறு சமயக் காரணங்களுக்காக ஏற்பட்டவை. அவற்றின் பக்கவிளைவாக நாக்குக்கு ஓய்வு கிடைத்து வந்திருக்கிறது. இல்லறத்தாருக்கு இந்த ஓய்வு வேண்டும். வரதனுக்கு வேண்டியதில்லை, அவன் நாக்கு மரத்துப்போவதில்லையாதலால், குடலை இட்லியில் மிளகை ஏற்றச் சொல்லி அங்கிருந்து கட்டளை எதுவும் வருவதுமில்லை.